பிளாட்டினம் மருந்தான வரலாறு

புற்றுநோய்க்கு இக்காலத்து வைத்தியசாலைகளில் வழங்கப்பெறும் மருந்துகளின் பூர்வீகத்தை ஒருவர் ஆராய்ந்து பார்ப்பாராயின், அவற்றுள் சில நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்தும், சில மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்தும், வேறு சில முதல் உலக மகாயுத்தத்தில் பிரயோகிக்கப்பட்ட கடுகுவாயுவின் வழியிலும் வந்தவை என்பதைக் காண்பார். இவை யாவும் கரி அணுக்களின் தொடர்களாலும் வளையங்களாலும் கட்டப்பட்டவை. உயிர்ப்பொருள்கள் எந்த மூலகத்தால் ஆகியுள்ளனவோ அந்த மூலகத்தாலேயே ஆனவை. இவற்றின் நடுவே கரி அணு ஒன்றுகூட இல்லாததும், ஒரு பிளாட்டினம், இரண்டு குளோரின், இரண்டு நைட்ரஜன், ஆறு ஹைட்ரஜன் என்று பதினோரே அணுக்களால் ஆகியதும், தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உலோகமாகவே இருப்பதுமான ஒரு மஞ்சள் நிறப் பொருள் அரை நூற்றாண்டாக இடம்பெற்றிருக்கிறது. சிஸ்பிளாட்டின் என்பது அதன் பெயர். விரை, சினைப்பை, நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களுக்கும், நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் தொண்டை, கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையுடன் சேர்த்தும் அது நாள்தோறும் கொடுக்கப்பட்டு வருகிறது.

இப்பொருளை முதன்முதல் உண்டாக்கியவர் இத்தாலி தேசத்து மொண்டோவி என்னும் ஊரிற் பிறந்த மிக்கேலே பெய்ரோனே என்பவர். அவர் தூரின் நகரத்தில் வைத்தியம் பயின்று, பின்னர் ரசாயனத்தில் ஈடுபாடு கொண்டு, அக்காலத்து ஐரோப்பிய ரசாயனிகளுக்கெல்லாம் ஆசானாய் விளங்கிய லீபிக்கின் பரிசோதனைச் சாலையை நாடி ஜெர்மனியிலுள்ள கீஸனுக்குச் சென்றார். மாக்னஸ் என்பவர் 1828-இல் பிளாட்டினத்திலிருந்தும் அம்மோனியாவிலிருந்தும் பச்சை நிறமான உப்பு ஒன்றை ஆக்கியிருந்தார். அதனை மீண்டும் ஆக்க முயன்றபோது, பச்சை உப்புடன் மஞ்சள் உப்பு ஒன்றும் சேர்ந்து விளைவதைப் பெய்ரோனே கண்டார். இரண்டையும் பகுத்துப் பார்த்ததில் அவற்றிலுள்ள மூலகங்களின் விகிதம் சற்றும் வேறுபடவில்லை. 1844-ஆம் ஆண்டளவில் அவர் இதனை எழுதி வெளியிட்டார். ரசாயன நூல்களில் அது பெய்ரோனே உப்பு என்ற பெயரோடு பதிவாயிற்று. அவரோ வைத்தியப் பட்டம் பெற்றவர். அவர் கையில் இருந்ததோ பிற்காலத்தில் பல்லாயிரம் உயிர்களைக் காத்த ஔஷதம். எனினும், அதனை ஔஷதமாக எண்ணிப் பார்ப்பதற்கு வேண்டிய ஞானம் ஒரு துளியும் அந்நாளில் உலகத்தில் இருக்கவில்லை யாதலால், அவர் அதனை உணராமற் போனதில் குறை ஒன்றுமில்லை.

பெய்ரோனேயின் காலத்திலேயே, அதே பதினொரு அணுக்களைக் கொண்டிருந்தும் கரைதிறனிலும் நடத்தையிலும் வேறுபட்ட மற்றோர் உப்பைப் பிரான்சு தேசத்து ரெய்சே என்பவர் ஆக்கியிருந்தார். ஒரே பொருள்களை ஒரே அளவிற் சேர்த்து எவ்வாறு இருவேறு பண்டங்கள் பிறக்கக்கூடும் என்பது ஐம்பது ஆண்டுகள் விடையற்றிருந்த வினா. அதற்கு விடை கண்டவர் ஆல்பிரெட் வெர்னர். 1893-இல், தம் இருபத்தாறாவது பிராயத்தில், பரிசோதனைச் சான்றுகள் போதிய அளவு தம் வசம் சேர்வதற்கு முன்பாகவே அவர் ஒரு கொள்கையை வெளியிட்டார். உலோக அணு தன்னைச் சூழவுள்ள அணுக்களை ஒரு சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கவில்லை. தன்னை மையமாக்கி, வெளியில் குறிப்பிட்ட திசைகளில் நிறுத்தி வைத்திருக்கிறது என்பது அக்கொள்கையின் சாரம். பிளாட்டினத்தைச் சுற்றி நான்கு இடங்கள் உள்ளன என்று கொள்வோம். அவை நான்முகிக் கோபுரத்தின் நான்கு முனைகளாக இருக்குமாயின், இரண்டு குளோரினையும் இரண்டு அம்மோனியாவையும் எவ்வாறு மாற்றி மாற்றி வைத்தாலும் ஒரே அமைப்பே கிட்டும்; ஏனெனில் நான்முகியில் எந்த இரு முனைகளும் ஒன்றுக்கொன்று அடுத்தவையே. அவை ஒரு தட்டையான சதுரத்தின் நான்கு மூலைகளாக இருந்தாலோ, குளோரின் இரண்டும் அடுத்தடுத்த மூலைகளில் நிற்கலாம், அல்லது எதிரெதிர் மூலைகளில் நிற்கலாம். இயற்கையில் இரண்டு பண்டங்கள் இருப்பதே அமைப்புச் சதுரம் என்பதற்குச் சான்று என்று வெர்னர் துணிந்தார். கருவி எதுவும் கொண்டு அணுக்களைக் காண இயலாத காலத்தில், எத்தனை பண்டங்கள் உண்டு என்ற எண்ணிக்கை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு கண்ணுக்கெட்டாத ஒன்றின் உருவத்தை நிர்ணயித்த அந்தத் தர்க்கத்தை எத்தனை முறை சிந்தித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1913-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்தடுத்து நிற்கும் அமைப்புக்குச் சிஸ் என்றும், எதிரெதிர் நிற்கும் அமைப்புக்கு டிரான்ஸ் என்றும் பெயர். இவற்றை வேறுபடுத்தி அறிய ருஷ்யாவைச் சேர்ந்த குர்னகோவ் ஓர் எளிய உபாயத்தைக் கண்டார். கந்தக அணுவைக் கொண்ட தயோயூரியா என்னும் பொருளைக் கரைசலிற் சேர்த்தால், சிஸ் உப்பு நான்கு இடங்களிலும் கந்தகத்துக்கு இடங்கொடுத்து ஆழ்ந்த மஞ்சள் நிறம் காட்டும். டிரான்ஸ் உப்பு இரண்டு இடங்களை மட்டும் விட்டுக்கொடுத்து வெண்ணிற ஊசிகளாகப் படியும். பிளாட்டினத்துக்குக் கந்தகத்தின்மீது உள்ள இந்த அளவிறந்த நாட்டத்தை வாசகர்கள் மறவாதிருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பிற்காலத்தில் இம்மருந்து விளைத்த துன்பங்களுக்கும், அத்துன்பங்களுள் ஒன்றுக்குக் கிடைத்த பரிகாரத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

இனி, 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். அங்கே பௌதிக சாஸ்திரம் கற்று உயிரியலின்பாற் கவனம் திரும்பிய பார்னெட் ரோஸன்பர்க் என்பவர் பணியாற்றி வந்தார். உயிரணு இரண்டாகப் பிரியும் தருணத்தில் அதனுள்ளே தோன்றும் கதிர் போன்ற இழைகளின் படத்தை அவர் பார்த்தபோது, காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் படியும் கோலத்தை அது ஒத்திருப்பதாக அவர் மனத்திற் பட்டது. அங்ஙனமாயின், மின்புலத்தைச் செலுத்தி உயிரணுவின் பிரிவை மாற்ற இயலுமோ என்ற ஐயம் எழுந்தது. பிராணிகளின் உயிரணுக்களைத் தொடுவதற்கு முன் கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பொருட்டே, குடலில் வாழும் ஈ. கோலி என்னும் பாக்டீரியாவை ஊட்டக் கரைசலில் வளர்த்து, அதனுள் இரண்டு பிளாட்டினத் தகடுகளை நிறுத்தி, மாறுமின்னோட்டத்தைச் செலுத்தினார். பிளாட்டினத்தைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம், எதனோடும் எளிதிற் சேராத, அமிலத்துக்கும் அசையாத உலோகம் என்று அது பெற்றிருந்த நற்பெயரே.

மின்சாரம் பாய்ந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் கலங்கலாக இருந்த கரைசல் தெளியத் தொடங்கிற்று. மின்சாரத்தை நிறுத்தினால் மீண்டும் கலங்கிற்று. அவருடன் பணியாற்றிய லோரெட்டா வான் காம்ப் அம்மையார் அக்கரைசலின் ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, குட்டையான குச்சிகளைப் போலிருக்க வேண்டிய பாக்டீரியாக்கள் தம் இயல்பான நீளத்தைப்போல் முந்நூறு மடங்கு வரை நீண்டு, ஒன்றோடொன்று பின்னிய மெல்லிழைகளாய்க் கிடந்தன. அவை இறக்கவில்லை, உண்டன, வளர்ந்தன, பிரிய மட்டும் இயலாமல் நின்றன. உயிரணுவின் வளர்ச்சியைத் தொடாமல் பிரிவை மாத்திரம் தடுக்கும் ஒரு சக்தி அக்கண்ணாடிக் கலத்தினுள் செயற்பட்டிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்த நிகழ்ச்சியைத் தற்செயலாய் நேர்ந்த அதிருஷ்டம் என்று சொல்லிவிட்டு அப்பாற் செல்வது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அது நியாயமன்று என்பது என் திடமான கருத்து. மின்புலத்தின் விளைவு இது என்று அறிவித்துவிட ரோஸன்பர்க்குக்குத் தடை ஒன்றும் இருக்கவில்லை. அவர் தேடிப் புறப்பட்டதும் அதைத்தான். ஆயினும் அவரும் அவருடைய சகாக்களும் தங்கள் ஊகத்தைத் தாங்களே சந்தேகித்து, வெப்பமோ, அமிலத்தன்மையோ, ஊட்டப் பொருளின் குறைவோ காரணமாக இருக்குமா என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்துத் தள்ளினார்கள். மின்சாரம் ஏற்கெனவே பாய்ந்த கரைசலை, மின்சாரமே காணாத புதிய பாக்டீரியாக்களிடம் சேர்த்தபோதும் அவை இழைகளாக நீண்டன. ஆகவே, குற்றவாளி மின்புலமன்று, கரைசலிற் புதிதாகப் பிறந்த ஏதோ ஒரு பொருள் என்பது உறுதியாயிற்று. அசையாதது என்று நம்பப்பட்ட தகட்டிலிருந்து பத்து லட்சத்தில் பத்துப் பங்கு அளவுக்குப் பிளாட்டினம் கரைந்து, ஊட்டக் கரைசலில் இருந்த அம்மோனியம் குளோரைடுடன் சேர்ந்திருந்தது.

அங்ஙனம் சேர்ந்து உண்டாகும் உப்பு ரசாயன நூல்களில் உள்ளதுதான் என்பதால், அதனைக் கடையில் வாங்கும் பொடியிலிருந்தே கரைத்துப் பாக்டீரியாக்களிடம் சேர்த்தார்கள். இழைகள் தோன்றவில்லை, பாக்டீரியாக்கள் செத்தன. ஊகம் பொய்த்தது என்று எவரும் அவ்விடத்திலேயே நின்றிருக்கலாம். ஆனால் அதே கரைசல் சில நாள் வெளிச்சத்தில் இருந்தபின் எடுத்துப் பயன்படுத்தியபோது இழைகள் நீண்டன! ஒளியின் தூண்டுதலால் குளோரின் அணுக்கள் சில நீங்க, அவற்றின் இடத்தில் அம்மோனியா அமர்ந்து, மின்னேற்றமற்ற புதிய மூலக்கூறு உண்டாகியிருந்தது. இங்கிலாந்திலிருந்து அங்கு வந்திருந்த ஆண்ட்ரூ தாம்ஸன் என்னும் இளம் ரசாயனியின் உதவியோடு அதன் அமைப்பு ஆராயப்பட்டது. சிஸ் அமைப்புடையவை வேலை செய்தன. டிரான்ஸ் அமைப்புடையவை செய்யவில்லை. செய்தவற்றுள் எல்லாவற்றிலும் எளியது எதுவென்று பார்த்தால், அது நூற்றிருபது ஆண்டுகளாக ஏடுகளில் உறங்கிக்கிடந்த பெய்ரோனே உப்பு. முதற் செய்தி 1965-இல் நேச்சர் சஞ்சிகையில் வெளியாயிற்று.

பாக்டீரியாவின் பிரிவைத் தடுக்கும் பொருள் புற்றணுவின் பிரிவையும் தடுக்குமல்லவா என்பது இயல்பாக எழும் வினாவே எனினும், அக்கால வைத்தியர்கள் அதனை எளிதில் வரவேற்கவில்லை. பாதரசம், ஈயம் முதலிய கன உலோகங்கள் சரீரத்துக்கு இழைக்கும் கேட்டை அறிந்தவர்கள், பிளாட்டினத்தை மனிதனின் ரத்தக் குழாயிற் செலுத்துவதா என்று அஞ்சியதில் தவறு இல்லை. ரோஸன்பர்க்கும் வான் காம்ப் அம்மையாரும், ஸார்க்கோமா 180 என்னும் கட்டி பதிக்கப்பெற்ற வெள்ளெலிகளுக்கு அவ்வுப்பை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள், கட்டிகள் கரைந்தன. 1969-இல் அவ்விவரமும் நேச்சரில் வந்தது. அதன்பின் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவும் கிடைத்தது.

பதினொரு அணுக்களுக்கு இத்தகைய வல்லமை எங்கிருந்து வந்தது? ரத்தத்தில் உப்பு மிகுதி; உப்பில் உள்ளது குளோரின் அயனி. சுற்றிலும் குளோரின் நிறைந்திருக்கும் வரையில் சிஸ்பிளாட்டினின் இரண்டு குளோரின்களும் தம் இடத்தை விட்டு அகலுவதில்லை. ஒன்று நீங்கினாலும் மற்றொன்று வந்து அமர்ந்துகொள்ளும். ஆனால் உயிரணுவின் உள்ளே குளோரின் மிகக் குறைவு. எனவே சவ்வைக் கடந்து உள்ளே நுழைந்ததும் குளோரின்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, அவ்விடத்தில் நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. நீரின் பிடி தளர்ந்தது. அதனினும் உறுதியான துணையை நாடிச் செல்லும் பிளாட்டினம், உயிரணுவின் மரபுச் செய்தியைத் தாங்கிய டி.என்.ஏ.வில் குவானின் என்ற உறுப்பிலுள்ள நைட்ரஜனைப் பற்றுகிறது. ஒரு கரத்தால் ஒரு குவானினையும் மற்றொரு கரத்தால் அதன் பக்கத்துக் குவானினையும் பற்றி இழுக்கும்போது, முறுக்கிய நூலேணி போன்ற டி.என்.ஏ. அந்த இடத்தில் முப்பது, நாற்பது பாகை அளவுக்கு வளைந்துபோகிறது. 1995-இல் ஸ்டீபன் லிப்பார்டும் அவருடைய மாணவர்களும் இந்த வளைவை எக்ஸ்ரே கொண்டு அணு அணுவாகப் படம்பிடித்துக் காட்டினார்கள். டிரான்ஸ் உப்புக்கும் இரண்டு கரங்கள் உண்டு. ஆனால் அவை எதிரெதிர்த் திசையில் நீண்டிருப்பதால் அடுத்தடுத்த இரண்டு குவானின்களை ஒருசேரப் பற்ற அவற்றால் ஆவதில்லை. சதுரத்தில் ஒரு மூலை மாறியமைந்த மாத்திரத்தில் ஒன்று மருந்தாகவும் மற்றொன்று பயனற்ற பொடியாகவும் போயின.

வளைந்த டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க முடியாமல் உயிரணு திகைக்கிறது. அதனைப் பழுதுபார்க்க முயல்கிறது. முடியாதபோது தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடங்குகிறது. இவ்வேற்பாடு எவ்வகைப் புற்றணுவில் சிதையாமல் இருக்கிறதோ அங்கே மருந்து வெல்லும். பழுதுபார்க்கும் திறமை எங்கே மிகுதியோ அங்கே தோற்கும். இன்னொன்றும் இங்குக் கூறத்தக்கது. உலோகங்கள் பலவும் தம்மோடு ஒட்டியுள்ளவற்றைக் கணத்தில் பல தடவை மாற்றிக்கொள்ளும் இயல்புடையவை. பிளாட்டினமோ நிதானம் மிக்கது. மனித சரீரத்தின் வெப்பத்தில், நீர் மட்டும் சூழ்ந்த நிலையில், சிஸ்பிளாட்டின் மூலக்கூறுகளில் பாதி தம் முதல் குளோரினை விடுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிறது. இதனினும் விரைவாக இருப்பின், ஊசியிலிருந்து இறங்கிய மாத்திரத்திலேயே ரத்தத்தில் உள்ள புரதங்களுக்கு இரையாகித் தீர்ந்துபோயிருக்கும்; இதனினும் மெதுவாக இருப்பின், ஒன்றும் செய்யாமலே சிறுநீரோடு வெளியேறியிருக்கும். உலோகம் என்ற பொதுப்பெயர் இம்மருந்தின் குணத்தை விளக்கப் போதாது. நான்கு மூலை கொண்ட சதுரமும் இந்த நிதானமும் ஒருங்கே வாய்த்த உலோகமாதலாலேதான் பிளாட்டினம் மருந்தாயிற்று.

மனிதர்களிடம் சோதனை 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பமாயிற்று. கட்டிகள் சுருங்கின என்பது உண்மை. ஆனால் சிறுநீரகம் கெட்டது. குடல் புரளும்படி நாள் முழுவதும் வாந்தி எடுத்தது. சிலருக்குச் செவி மந்தமாயிற்று. இவற்றைக் கண்ட வைத்தியர்களிற் பலர் இம்மருந்தைக் கைவிடவேண்டியதுதான் என்று முடிவு கட்டும் நிலையில் இருந்தார்கள். அதனைக் காப்பாற்றியது மற்றொரு நூதன ரசாயனமன்று, தண்ணீர். நியூயார்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் வைத்தியசாலையில் எஸ்தேபான் ஸ்விட்கோவிக் முதலானோர் முதலில் நாய்களிடமும் பின்னர் நோயாளிகளிடமும், ரத்தக் குழாய் வழியே ஏராளமான நீரையும் மானிட்டால் என்னும் சர்க்கரைப் பொருளையும் செலுத்திச் சிறுநீரைப் பெருகச் செய்தால் சிறுநீரகம் பெரிதும் தப்பிவிடுகிறது என்று காட்டினார்கள். இன்றும் எந்த ஊர்ப் புற்றுநோய் வார்டுக்குச் சென்றாலும் இதனைக் கண்ணாரக் காணலாம். மருந்து தொடங்குவதற்கு வெகு நேரம் முன்பாகவே நோயாளிக்கு உப்புநீர் டிரிப் ஏறத் தொடங்கிவிடும். மருந்து முடிந்த பிறகும் அது சொட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு சிறுநீர் கழிந்தது என்று செவிலி அளந்து குறித்துக்கொண்டே இருப்பார். சிஸ்பிளாட்டினைக் கலப்பதும் உப்புநீரிலேதான்; குளோரின் நிறைந்த நீரில் அது குலையாமல் இருக்கும் என்பதே காரணம். அலுமினியம் உள்ள ஊசி அதன்மேற் படக்கூடாது, வெளிச்சம் படலாகாது, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் படிந்துவிடும். பெய்ரோனேயும் வெர்னரும் ஆராய்ந்த ரசாயனம் முழுவதும் அந்த ஒரு புட்டியைக் கையாளும் முறையில் அடங்கிக் கிடக்கிறது.

1974-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற இளம் வைத்தியர், விரைப் புற்றுநோய் நுரையீரல் வரையில் பரவி, வேறு மருந்துகளெல்லாம் தோற்றுப்போன ஒரு வாலிபருக்குச் சிஸ்பிளாட்டினை, நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்பிளாஸ்டினோடும் பிளியோமைசினோடும் சேர்த்துக் கொடுத்தார். எக்ஸ்ரேயில் தெரிந்த கட்டிகள் மறைந்தன. அவரும் டோனஹ்யூ என்னும் சத்திர சிகிச்சை நிபுணரும் 1977-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இவ்வாறு சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்கு நோயின் அடையாளமே இல்லாமற் போயிற்று. இருபதும் முப்பதும் பிராயத்தில் இருக்கும் வாலிபர்களைத் தாக்கி, பரவிய நிலையில் பெரும்பாலாரை ஓராண்டுக்குள் கொண்டுபோய்விட்ட வியாதி அது என்பதை நினைவிற் கொண்டு இந்த எண்ணைப் படிக்கவேண்டும். ஏனைய புற்றணுக்களைக் காட்டிலும் விரையின் கருவணுக்களிலிருந்து பிறந்த புற்றணுக்களுக்குப் பழுதுபார்க்கும் திறமை குறைவு. தன்னை மாய்த்துக்கொள்ளும் ஏற்பாடும் அவற்றில் பெரும்பாலும் சிதையாமல் இருக்கிறது. அதனாலேயே அங்கு வெற்றி இவ்வளவு முழுமையாக அமைந்தது. 1978 டிசம்பரில் அமெரிக்க அரசாங்கம் இம்மருந்துக்கு அனுமதி வழங்கிற்று. வாந்தியை அடக்குவதற்கு ஒண்டன்ஸெட்ரான் போன்ற நல்ல மருந்துகள் 1990-களின் தொடக்கத்தில்தான் வந்தன. ஆதலால், அதற்கு முன் இச்சிகிச்சையை மேற்கொண்டு பிழைத்தவர்கள் எத்தகைய மனத்திண்மை உடையவர்களாய் இருந்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

சிஸ்பிளாட்டினின் கடுமையைத் தணிக்க ஆயிரக்கணக்கான பிளாட்டினச் சேர்மங்கள் ஆக்கிப் பார்க்கப்பட்டன. நிலைத்தவை மிகச் சில. குளோரினைவிட இறுகப் பற்றிக்கொள்ளும் ஓர் அங்கக அமிலத்தை அதன் இடத்தில் வைத்து லண்டனில் உருவாக்கிய கார்போபிளாட்டின் சிறுநீரகத்துக்கு அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை; ஆயினும் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி ரத்தத் தட்டுகளைக் குறைக்கிறது. நாகோயா நகரத்துக் கிடானி என்பவர் 1976-இல் ஆக்கிய ஆக்ஸாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டினுக்கு அசையாத பெருங்குடற் புற்றுநோயில் பயன்தந்தது. 1996-இல் பிரான்சிலும் 2002-இல் அமெரிக்காவிலும் அது அனுமதி பெற்றது. இம்மருந்தை உப்புநீரிற் கலக்கவே கூடாது, குளுக்கோஸ் நீரிலேதான் கலக்கவேண்டும். உப்பிலுள்ள குளோரின் இங்கே காவலாக இராமல், மருந்தில் உள்ள ஆக்ஸலேட்டைப் பெயர்த்துவிட்டுத் தான் அமர்ந்துவிடும் என்பதே இந்தத் தலைகீழான விதிக்குக் காரணம். ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிக்கொண்டவர்களிடம் சில நாள் குளிர்ந்த நீரைத் தொடவேண்டாம் என்று செவிலியர் சொல்லி அனுப்புவார்கள். அதனை மறந்து குளிர்சாதனப் பெட்டியிலிருந்து புட்டியை எடுத்த கை சுரீரென்று மரத்துப்போகும். ஒரு மிடறு குளிர்நீர் குடித்தால் தொண்டை இறுகியதுபோல் மூச்சுத் திணறல் தோன்றும். அபாயம் அநேகமாக இல்லை, ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நோயாளி கலங்கிப்போவார்.

பிளாட்டினத்தைத் தவிர வேறு உலோகங்களையும் புற்றுநோய்க்கு மருந்தாக்க முயன்றார்கள். டைட்டேனியம் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு ஏமாற்றமளித்தது. ருத்தீனியத்தின் சேர்மங்களைத் திரியெஸ்தெயிலும் வியன்னாவிலும் நெடுங்காலம் ஆராய்ந்து வருகிறார்கள். ஒளி பட்டால் மட்டும் விழித்து வேலை செய்யும் ருத்தீனியச் சேர்மம் ஒன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் சோதனையில் இருக்கிறது. மூட்டுவாதத்துக்காக 1985-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தங்கச் சேர்மமாகிய ஆரனோபினையும் புற்றணுக்களின்மேல் பரீட்சித்துப் பார்க்கிறார்கள். இவற்றிலெல்லாம் நம்பிக்கை உண்டு; பிளாட்டினத்தோடு ஒப்பத்தக்க வெற்றி இதுவரையில் இல்லை.

ஒப்பத்தக்கது ஒன்று உண்டென்றால் அது பாதி உலோகமும் பாதி அலோகமுமான ஆர்ஸனிக். நம் சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாடாணம் என்று அழைக்கும் ஆர்ஸனிக் டிரையாக்ஸைடைச் சீனாவில் ஹார்பின் நகரத்து வைத்தியரான ஜாங் டிங்டாங் 1970-களில் நாட்டு மருந்தொன்றிலிருந்து பிரித்தெடுத்து ரத்தப் புற்றுநோய்க்கு ஊசியாகப் போட்டார். ரத்தப் புற்றுநோய்கள் பலவற்றுள் ஒன்றில் மட்டும், அதாவது ரத்தப்பெருக்கால் சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடிய புரோமைலோசைட்டிக் வகையில் மட்டும், அது அற்புதமாக வேலை செய்தது. ஏன் அந்த ஒன்றில் மட்டும் என்பதை ஷாங்காய் ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள். அந்நோயில் 15-ஆம், 17-ஆம் நிறப்புரிகள் ஒன்றுக்கொன்று துண்டு மாறி ஒட்டி, இயல்புக்கு மாறான புரதம் ஒன்றைப் பிறப்பிக்கின்றன. ஆர்ஸனிக் அப்புரதத்தைப் பற்றி அதன் அழிவுக்கு வழிசெய்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மாமன் சாண்டி, விக்ரம் மேத்யூஸ் முதலானோர், வழக்கமான கூட்டுச் சிகிச்சையின் செலவைத் தாங்கமுடியாதவர்களை மனத்திற் கொண்டு, 1998 முதல் 2004 வரை 72 நோயாளிகளுக்கு ஆர்ஸனிக்கை மட்டுமே முதற் சிகிச்சையாகக் கொடுத்து, 86 சதவீதத்தினரிடம் நோய் அடங்கியதை 2006-இல் வெளியிட்டார்கள். ஏழை நோயாளியின் தேவையிலிருந்து பிறந்து உலகம் கவனிக்கத்தக்க அறிவாக விளைந்த இவ்வாராய்ச்சி நம் நாட்டில் நடந்தது என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் இதனைக் காட்டி, பாடாணம் சேர்ந்த லேகியம் எல்லாப் புற்றுநோயையும் தீர்க்கும் என்று சொல்பவர்களை நம்பலாகாது. நிறப்புரி மாறியிருப்பதைச் சோதித்து அறிந்து, இதயத் துடிப்பின் வரைபடத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டு, எடைக்குத் தக்க மில்லிகிராம் கணக்கில் ரத்தக் குழாய் வழியே கொடுப்பதற்கும், அளவறியாமல் விழுங்குவதற்கும் இடையே உயிருக்கும் சாவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

பிளாட்டினத்தால் வரும் கேடுகளுள் ஒன்றான செவிப்புலன் குன்றுதலுக்கு நெடுங்காலம் பரிகாரமே இல்லாதிருந்தது. உட்செவியிலுள்ள நுண்ணிய உணரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் உயர்ந்த ஒலிகள் கேளாமற்போகும். பேச்சைக் கற்றுக்கொள்ளும் பருவத்துக் குழந்தைக்கு ச, ஷ, ஸ முதலிய ஒலிகள் காதில் விழாவிட்டால், அதன் பேச்சும் படிப்பும் எவ்வளவு தடைப்படும் என்று சொல்லத் தேவையில்லை. கல்லீரற் புற்றுநோயிலிருந்து பிழைத்த குழந்தைகளில் பலருக்கு இக்கதி நேர்ந்தது. பிளாட்டினத்துக்குக் கந்தகத்தின்மீது உள்ளதாகக் குர்னகோவின் சோதனை காட்டிய நாட்டத்தையே இதற்கு மருந்தாக்கினார்கள். புகைப்படக்காரர்கள் படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்தும் சோடியம் தயோசல்பேட்டில் கந்தகம் உண்டு. அதனை ரத்தத்திற் செலுத்தினால் மிச்சமுள்ள பிளாட்டினத்தைப் பற்றிச் செயலறச் செய்துவிடும். ஆனால் கட்டியை எதிர்க்கும் பிளாட்டினத்தையும் அது பற்றிவிட்டால் என் செய்வது? ஆகவே சிஸ்பிளாட்டின் ஏற்றி முடிந்து ஆறு மணி நேரம் கழித்தே அதனைக் கொடுப்பது என்று வகுத்தார்கள். அதற்குள் மருந்து கட்டியில் தன் வேலையைப் பெரும்பாலும் முடித்திருக்கும். செவியில் சேதம் முற்றியிராது. பல நாடுகளில் கல்லீரற் புற்றுநோயுற்ற குழந்தைகளிடம் இம்முறையைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, தயோசல்பேட் பெறாதவர்களில் 63 சதவீதத்தினருக்குச் செவிப்புலன் குன்றியது. பெற்றவர்களில் 33 சதவீதத்தினருக்கே குன்றியது. உயிர் பிழைத்தவர்களின் விகிதம் எவ்விதத்திலும் குறையவில்லை. உடலின் வேறு உறுப்புகளுக்கு இன்னும் பரவாத கட்டிகளையுடைய குழந்தைகளுக்காக 2022-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. நோய் பரவிவிட்ட குழந்தைகளிடம் தயோசல்பேட் மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடுமோ என்ற ஐயம் முற்றும் நீங்காததால், அவர்களுக்கு இதனைக் கொடுப்பதில் வைத்தியர்கள் இன்னும் தயங்குகிறார்கள்.